ஒரே ஒரு பார்வையாளர்

"பத்து நாற்பதுக்கு மறுபடியும் அதே வீடுதான் அண்ணே" என்றார் கூட வேலை பார்க்கும் கேபிள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சர்வர்காரர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நாற்பது வேலை நாள்களின் பதிவு அவர் முன்னால் விரிந்து கிடந்தது. ஒரு நாள்கூடத் தவறாமல், காலை பத்து நாற்பதுக்கு, பன்னிரண்டாம் எண் வீடு. வரைபடத்தில் அந்த இடத்தைத் திறந்தது அவருடைய மனைவி.

நில வரைபட அலுவலகத்தில் கணக்குப் போடுவதுதான் அவர் வேலை. அடுத்த ஆண்டு நானூறு கிளை ஊழியர்கள் ஒரே நேரத்தில் வரைபடத்தைத் திறந்தால் சர்வர் தாங்குமா, கிளைகளுக்குப் போகும் இணைப்பு தாங்குமா என்று அவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இணைப்பைக் கேபிள் பார்த்துக்கொள்வார். தலை நரைத்த பிறகும் அந்தப் பட்டப்பெயர் அவரை விடவில்லை.

யார், எந்த நேரம், வரைபடத்தில் எந்தச் சதுரம் என்பதெல்லாம் பதிவில் எண்ணாக விழும். சதுரத்தின் எண்ணைக் கொடுத்தால் அதிலுள்ள கதவு எண்ணை இன்னொரு பட்டியல் சொல்லிவிடும். பதினைந்து வருடத்தில் வேலைக்காக, வரைபடத்துக்கென்று வானிலிருந்து எடுத்த படங்களில் ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை. "எத்தனை பஸ் விடணும்னு கணக்குப் போடுறவன், ஜன்னலோரம் உக்காந்து வேடிக்கை பார்த்துட்டு இருக்க முடியுமா?" என்பார்.

பன்னிரண்டாம் எண், சர்வேயர் வீடு. மனைவி வேலை பார்க்கும் கிளையில் முன்பு இருந்தவன். சுருட்டை முடி, ஓயாத வாய். மனைவி கடைசியாக வாய்விட்டுச் சிரித்ததை அவர் பார்த்தது அவன் பேச்சுக்குத்தான். அதற்கு மூன்று வருடம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு இவர்கள் வீட்டில் சிரிப்பு இல்லை. ஏன் என்று இருவரும் பேசிக்கொள்வதும் இல்லை.

"ஒண்ணு மட்டும் புரியல அண்ணே" என்று கேபிள் இழுத்தார். "போன வருஷத்துப் படம் பளிச்சுன்னு இருக்கு. அண்ணி அதைத் தொடுறதே இல்ல. மூணு வருஷம் முன்னாடி விமானத்துல எடுத்தாங்களே, அதைத்தான் திறக்குறாங்க. அதைப் பார்க்குற ஒரே ஆள் அவங்கதான்."

"சிலருக்குப் பழசு மேலதான்யா ஆசை."

அன்று மாலை மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் சாதாரணமாகக் கேட்பது போல் கேட்டார்.

"உங்க சர்வேயர் இப்ப எப்படி இருக்காரு?"

"எந்தச் சர்வேயர்?"

"அதான், சுருட்டை முடி."

"ஓ, அவரா? யாருக்குத் தெரியும்? ஏன் கேக்குறீங்க?"

தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அந்த நிதானம்தான் அவரைச் சுட்டது. தனக்கென்று மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான், இவளையும் இன்னொருவன் கொண்டுபோய்விடுவானோ என்று நினைத்தார்.

மறுநாள் காலையில், சர்வரில் எதை வைப்பது எதை எடுப்பது என்ற பட்டியலில், பழைய விமானப் படத்துக்கு எதிரே எழுதினார். "பார்வையாளர் ஒருவர். நீக்கலாம்."

"ஒரு காப்பி எடுத்து வெச்சிரட்டுமா அண்ணே?"

"வேண்டாம்."

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"ஒருத்தருக்காக ஒரு பஸ் ஓட்டுவியா நீ? தூக்குய்யா!"

மதியத்துக்குள் பழைய படம் அழிந்தது. சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் புதிய படங்கள் ஏறிவிட்டன.

அடுத்த நாள் பத்து நாற்பத்தொன்றுக்கு அவருடைய போன் அடித்தது. அதற்காகவே காத்திருந்தவர், இரண்டு முறை அடிக்கவிட்டு எடுத்தார்.

"ஏங்க, அந்தப் பழைய படம் திறக்க மாட்டேங்குது. சர்வர்ல ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறு எதுவும் இல்ல. நான்தான் தூக்கச் சொன்னேன்."



"திருப்பிப் போடலாமில்ல?"

"முடியாது. அழிச்சு, அது மேல வேற ஏத்தியாச்சு. ஏன், பன்னிரண்டாம் நம்பர் வீட்டைப் பார்க்காம உனக்குப் பொழுது விடியாதோ?"

"எந்த வீடு?"

"நடிக்காத. உன் சர்வேயர் வீடு. நாப்பது நாள் கணக்கு என் கையில இருக்கு."

"அங்கயா அவர் வீடு இருக்கு?" உண்மையாகவே வியந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "நீங்க அந்தப் படத்தை ஒரு தடவையாச்சும் திறந்து பார்த்தீங்களா?"

"எதுக்குப் பார்க்கணும்? அந்தச் சதுரத்துல இருக்குறது ஒரே ஒரு கதவு எண்."

"அது ஒரு மூலைங்க. மத்ததெல்லாம் ஸ்கூல் மைதானம். வாசல் அந்தப் பக்கம் மெயின் ரோட்டுல இருக்கு. மைதானத்துக்கு ஏதுங்க கதவு எண்?"

அவர் பட்டியலில் அந்தச் சதுரத்தின் எண்ணை மறுபடியும் தேடினார்.

"இன்டர்வெல் நேரத்துல எடுத்த படம். எல்லாப் பிள்ளைங்களும் வெயில்ல ஓடுதுங்க. சுவரோரமா ஒரே ஒரு குடை மட்டும் நிக்கும்."

"குடையா?"

"வெயில் படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே, மறந்துட்டீங்களா?"

அவர் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டு தரையில் விழுந்தது.

"நம்ம பாப்பா நம்மள விட்டுப் போறதுக்குப் பத்து நாள் முன்னாடி எடுத்ததுங்க அது."