தளபதியின் மனிசி

கோட்டை வாசலில் நின்ற பலகையை அவர் மனைவிக்கு வாசித்துக்கொண்டிருந்தார்.

கண் ஆங்கிலத்தில் ஓடியது. வாய் தமிழில் சொன்னது.

"இந்தக் கோட்டைத் தளபதிட மனிசி, காத்துக்குப் பயத்தில ஒரு மாசம் வெளியில வரேல்லையாம். அந்தாள்தான் ரொட்டி சுட்டுக் குடுத்ததாம்."

"பாவம் அந்த மனிசன்," என்றாள் அவள்.

"ரொட்டி கருகிப் போச்சாம். அதுவும் போட்டிருக்கு."

அவளுக்கும் ஆங்கிலம் வாசிக்க வரும். ஆனால் வின்னிபெக் வீட்டிலிருந்து புறப்பட்ட நாள் முதல், எங்கே இறங்கினாலும் மூக்குக் கண்ணாடியைக் காரிலேயே விட்டுவிட்டுத்தான் இறங்கினாள்.

அடுத்தது பழைய மாட்டுவண்டிப் பாதை. அதைப் பார்க்கத்தான் அவர் இவ்வளவு தூரம் காரோட்டி வந்தது.

கோதுமை வயல்களுக்கு நடுவே, வளைவே இல்லாத தெருவில், காரை மெல்ல ஓரங்கட்டினார்.

இரண்டு பக்கச் சிக்னலும் போட்டார். கைப்பிரேக்கை இழுத்தார்.

அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

அவர் இல்லாத அடுத்த கோடையில் மகள் சுகந்தினி காரோட்டினாள். அந்தப் பாதையைப் பார்க்காமல் விட்டால் அவருடைய பயணம் அந்தத் தெருவோரத்திலேயே நின்றுவிடும் என்று தாய்க்குப் பட்டது.

வழியில் கோட்டை வந்தது.

இம்முறை தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இறங்கினாள்.

பலகையில் ஆண்டு இருந்தது. பொலிஸ்காரர் இருந்தார்கள். ஒரு தீ இருந்தது.

மனிசி இல்லை. ரொட்டி இல்லை.

திரும்பவும் மேலிருந்து வாசித்தாள். சிரிப்பு வந்தது. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா?"

"உன்ர கொப்பர் சரியான புளுகன்."

வண்டிப் பாதைக்கு வந்து சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மகள் அங்கிருந்த பலகையை வாசிக்கக் குனிந்தாள்.

"நில்லு. நான் சொல்லுறன்."

கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"இதால போன ஒரு வண்டிக்காரர், வழி முழுக்க மனிசிக்குக் கதை சொல்லிக்கொண்டு போனவராம். மாடும் நிண்டு நிண்டு கேட்டதாம்."

சுகந்தினி பலகையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"எங்கயம்மா போட்டிருக்கு?"

"கடைசி வரியில."

மகள் குனிந்து கடைசி வரியை வாசித்தாள். நிமிர்ந்தாள்.

"ஓமம்மா," என்றாள்.

அந்த நிலத்தை ஒருவரும் உழவில்லை. புல்லுக்குள் சக்கரத் தடங்கள் இரண்டும் அப்படியே மேற்கே போய்க்கொண்டிருந்தன.