சேர விரும்பும் காரணம்

“பதினஞ்சு வருஷம் குப்பை கொட்டின சமூக வலைத்தளம்மா. நாலாயிரம் நண்பர்கள். நான் விலகுறேன்னு எழுதினேன், ஒருத்தன் ஏன்னு கேக்கலை!” என்று போனில் மகளிடம் பொருமினார் லிஃப்ட் மெக்கானிக்.

“அதான் உங்களுக்கே சொந்தமா ஒண்ணு போட்டுக் கொடுத்துட்டேனேப்பா. முதலாளி கிடையாது. விண்ணப்பம் போடுறவங்கள்ல யாரைச் சேர்க்கலாம்னு நீங்கதான் முடிவு பண்ணணும்.”

“யாரைச் சேர்க்க? ஒரு மாசமா ஈ காக்கா எட்டிப் பார்க்கலை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாம கிடக்கேன்.”

அந்த நேரம் பார்த்துக் கணினி மணியடித்தது. முதல் விண்ணப்பம்! போனை வைத்துவிட்டு அடித்துப் பிடித்துத் திறந்தார்.

பெயர்: உங்க பொண்டாட்டி.

சேர விரும்பும் காரணம்: சமையலறையிலிருந்து மூணு தரம் கூப்பிட்டாச்சு. முப்பது வருஷமா இதே வீட்லதான் இருக்கேன். இங்கே எழுதினாலாவது பதில் வருமா?