வெங்காயத் தோட்டத்தில் வழுக்கியவள்

"புள்ளட காலுக்கு என்ன?"

கனமூலையிலிருந்து பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் உம்மா கேட்டார். மூன்று வயது ஷிஹாரா ஹோலில் தள்ளாடித் தள்ளாடி வந்து, கதிரையைப் பிடிக்கப்போய்த் தொப்பென்று நிலத்தில் இருந்துவிட்டாள்.

குழந்தையின் தாய் உம்மு குல்தூம் தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். "வயித்துல இருக்கக்குள்ள மாம்புரி வெங்காயத் தோட்டத்துல வழுக்கி விழுந்துட்டேன் மாமி. என்ட கவனக் குறைவுதான்."

"நல்ல உம்மாதான்!" மாமி முகத்தைச் சுளித்தார்.

மணப்பெண் ஸுல்பிகா தலையைக் குனிந்தபடி பல்லைக் கடித்தாள். இந்தக் கதையைச் சொல்லித்தான் ஊர் அவளுடைய மதினியை, அண்ணன் மனைவி குல்தூமை, வறுத்தெடுக்கிறது. அவளும் அதை நம்பி, மதினிக்கு முகம் கொடுக்காமல் திரிந்தவள்தான், தான் படிக்கிற கெம்பஸ் ஆய்வுகூடத்தில் அந்த எலிகளைப் பார்க்கும்வரை.

மூளையில் ஒரு நொதியம் குறைந்து பிறந்த எலிகள். மூளை சரியாக வளராது. நடை அப்படியே ஷிஹாராவின் நடை. அவற்றில் எந்த எலியின் தாயும் வெங்காயத் தோட்டத்தில் வழுக்கி விழவில்லை.

ஸுல்பிகா மதினிக்குப் பின்னால் குசினிக்குள் போய், அடுப்படியில் அவளுடைய கையைப் பிடித்தாள்.

"மதினி, இது விழுந்ததால வந்ததில்ல. எங்கட எலிகளும் இப்படித்தான் நடக்கும். நொதியக் குறையா இருக்கும். புள்ளட ரத்தத்தச் சோதிச்சா..."

"சோதிச்சாச்சு. ஒரு வயசுலயே டொக்டர் சொல்லிட்டார். அந்தக் குறைதான்."

ஸுல்பிகா கையை விட்டாள். "அப்ப ஏன் விழுந்தேன் எண்டு சொல்றீங்க?"

குல்தூம் விருந்தாளிகளுக்கான வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள்.

"நான் விழவே இல்ல புள்ள. உம்மா, வாப்பா ரெண்டு பேர்ட ரத்தத்துலயும் இருந்தாத்தான் புள்ளைக்கு வருமாம். உன்ட நானாட ரத்தம் எண்டா உன்ட ரத்தமும்தானே? சொந்தத்துக்கு வெளியில கட்டினாப் பெரிய பயமில்ல எண்டார் டொக்டர். இந்தச் சனத்துக்கு அது விளங்குமா? குறையுள்ள ரத்தம் எண்டு உன்னக் கட்ட ஒருத்தரும் வரமாட்டாங்க. உன்ட நிக்காஹ் முடியட்டும். அதுவரைக்கும் நான் விழுந்தவளாவே இருக்கேன்."

ஸுல்பிகாவுக்கு வெட்கமும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஹோலுக்குப் போனாள். ஷிஹாராவைத் தூக்கி மடியில் வைத்து, மாமிக்கு நேரே அமர்ந்தாள்.

"மாமி, என்ட மதினி எங்கயும் விழல்ல. இது எங்கட ரத்தத்துல உள்ள குறை. எனக்கும் இருக்கலாம். இப்ப சொல்லுங்க, பொண்ணு புடிச்சிருக்கா?"