வேதாவின் பை

பாண்டிச்சேரியிலிருந்து வந்த பஸ் திருவண்ணாமலை எல்லையில் நிற்கிறது. மதுவிலக்குச் சோதனை. சாயங்கால வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை வேதாவின் மடிமேல் கோடு கோடாகப் போட்டிருக்கிறது. அவள் காலடியில் காது முடிந்த துணிப்பை. அதன் ஒரு மூலை மெல்ல நனைகிறது. பாண்டிச்சேரியிலேயே தயாராகிற பீரைக் கடை கடையாகத் தேடி, சிநேகிதர்களுக்காக இரண்டு பாட்டில் வாங்கியவன் அவள் கணவன் கோதண்டராமன். பொம்பளை பையை யாரும் பார்க்கமாட்டார்கள் என்று, கிளம்பும்போது அவளுக்குத் தெரியாமல் அந்தப் பையிலிருந்த அவள் மாற்றுப் புடவைக்குள் சுற்றி வைத்தவனும் அவன்தான். சூட்டில் ஒரு மூடி இளகிவிட்டது. நுரை கசியும் சத்தம் அவனுக்கு மட்டும் கேட்கிறது. “என்னங்க, தூக்குல மிச்சமிருந்த தயிர்சாதம் புளிச்சிடுச்சு போலருக்கு” என்று அவள் மூக்கைச் சுளிக்கிறாள். போலீஸ்காரரின் லத்தி பையைத் தொடுகிறது. “யார் பை இது?” கோதண்டராமன் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். “என்னுதுதாங்க” என்கிறாள் வேதா. “தயிர்சாதம் வழிஞ்சிடுச்சு. நீங்க கை வைக்காதீங்க, பிசுபிசுன்னு இருக்கும்.” பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவளே முடிச்சை அவிழ்க்கிறாள்.