கிளீனரம்மா

"நில்லு கிளீனரம்மா, முன்னாடி படி இருக்கா பாரு" என்றார் அப்பா, கண் ஆஸ்பத்திரி வாசலில்.

அவர் கையைப் பிடித்திருந்த அம்மா நின்றாள். செருப்பு நுனியால் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இருக்கு. மெதுவா வாங்க, லாரியில ஏறுற மாதிரி தாவாதீங்க" என்றாள்.

பின்னால் வந்த மகள் அப்பாவையே பார்த்தாள். காலமெல்லாம் லாரி ஓட்டிய மனிதர். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனரின் குரலை நம்பியே எடுத்துப் பழகியவர். இப்போது முன்னால் போவதற்கும் அவருக்குக் குரல் வேண்டியிருந்தது. அம்மாதான் கிளீனர்.

போன மழைக்காலத்தில் அம்மா மாடிப்படியில் விழுந்து கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டாள். படி ஈரம் என்றாள். கட்டுப் பிரித்த பிறகும் வாசலைத் தாண்டவில்லை. அதற்கப்புறம்தான் அப்பாவுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. அவரைத் தனியே விட மனமில்லாமல் அம்மா மறுபடி தெருவில் இறங்கினாள்.

அப்பா தன் வசதிக்கு வீட்டையே மாற்றிவிட்டார். படி ஓரமெல்லாம் மஞ்சள் பெயின்ட், குளியலறையில் கைப்பிடி, மாடி வளைவில் கல்யாண வீடு போல் வெளிச்சம். குருட்டுக் கிழவன் குடியிருக்கும் வீடு என்று அவரே சொல்லிச் சிரிப்பார். டாக்டரிடம் காட்ட மட்டும் மசியவில்லை. இவர் தடுக்கி விழுந்தால், கையைப் பிடித்திருக்கும் அம்மாவும் கூடவே விழுவாளே என்று மகள் அழாத குறையாகக் கெஞ்சிய பிறகுதான் சம்மதித்தார். அதற்கும் ஒரு நிபந்தனை. டாக்டர் கண்ணைச் சோதிக்கும் மெஷினில் முதலில் அம்மா உட்கார வேண்டும். அதைப் பார்த்து பயம் தெளிந்த பிறகே அவர் உட்காருவார்.

"மலைப்பாதையில ராத்திரி வண்டி ஓட்டுன ஆளுக்கு இதுக்கா பயம்?" என்று டாக்டர் அறையில் மகள் கேட்டாள்.

"அதுல பிரேக் என் கால்ல இருந்துச்சும்மா" என்றார்.

என் கண்ணுக்கு என்ன கேடு என்று முனகிக்கொண்டே அம்மா மெஷினில் முகவாயை வைத்தாள். டாக்டர் வெகுநேரம் பார்த்தார். பிறகு நர்ஸ் சொட்டு மருந்து போட்டு, வெளியே பெஞ்சில் கண்ணை மூடி உட்காரச் சொல்லிக் கூட்டிப்போனாள். அம்மா போகும் வழியில் கிடந்த ஸ்டூல், அப்பாவின் கால் பட்டு ஓரமாக நகர்ந்தது.

"பார்த்துப்பா" என்று மகள் பதறி அவர் தோளைப் பிடித்தாள்.

"அவரை விட்டுடாதே. கையப் பிடிச்சுக்கோ" என்று அம்மா வாசலிலிருந்து எச்சரித்துவிட்டுப் போனாள்.

டாக்டர் மகள் பக்கம் திரும்பினார். "ரெண்டு கண்ணுலயும் புரை நல்லா முத்திப்போச்சு. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணிடணும். இத்தனை நாள் இவங்க விழாம நடமாடினதே பெரிய விஷயம்."

"யாரு, அம்மாவா? டாக்டர், அவங்கதானே அப்பாவையே கூட்டிட்டு நடக்கறாங்க?"

அப்பா கதவை மெல்லச் சாத்தினார். கதவோரம் நின்றபடியே, எதிர்ச்சுவரிலிருந்த போர்டின் கடைசி வரியை, இருப்பதிலேயே பொடி எழுத்தை, தட்டுத் தடுமாறாமல் படித்து முடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆபரேஷன் எனக்குன்னே வெளியில சொல்லும்மா. என் பயம் தெளியணும்னா, உங்கம்மா முதல்ல பண்ணிக்குவா."