இரண்டாவது மான்

வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷமாகியும் டாரில் தன் பேரில் ஒரு ஆய்வுக் கட்டுரைகூடப் போடவில்லை. வசந்தத்துக்குள் ஒன்றாவது வராவிட்டால் வேலை போய்விடும்.

அதுதான் பெர்னடெட்டுக்கு எரிச்சல். பூர்வகுடிகள் காட்டையும் நிலத்தையும் பராமரிக்கிற முறையைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பட்டப்படிப்பாகக் கொண்டுவர அவள் பட்ட பாடு கொஞ்சமா? அந்தத் துறைக்குத் தலைவி அவள். டாரிலை வாத்தியாராகக் கொண்டுவந்து உட்கார வைத்தவளும் அவளே.

அவனோ இலை பழுக்க ஆரம்பித்தால் போதும், மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மலையேறிவிடுவான். பாடம் அருமையாக நடத்துகிறான், பிள்ளைகள் அவன் மேல் உயிரையே வைத்திருக்கிறார்கள், எல்லாம் சரி. எழுத உட்காரச் சொன்னால் மட்டும் சிரிக்கிறான். சிரிப்பைப் பார்த்து மேலிடம் சம்பளம் போடுமா?

ஒரு வாத்தியாரை நிரந்தரமாக்குவதற்கு முன் அவனுடைய ஊரையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பது துறையில் அவளே வைத்த விதி. அதற்காகத்தான் ஃப்ரேசர் ஆற்றோரமாகக் காலையிலிருந்து கார் ஓட்டி அவன் ஊருக்கு வந்திருந்தாள்.

ஊர்க்கூடத்துச் சமையலறையில் வில்மா மான்கறி கிண்டிக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் காடு புதுசாகத் துளிர்க்க எப்போது தீ வைப்பது, எந்தச் சரிவை விட்டுவைப்பது, எல்லாம் அவள் சொல்கிறபடிதான். பக்கத்தில் அவள் தம்பி கிளிஃபர்ட் ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தான்.

பெர்னடெட்டும் பூர்வகுடிதான், ஆனால் கடற்கரைக்காரி. இங்கே வந்தாலே அவளைச் சீண்டாமல் விடமாட்டார்கள்.

"என்ன கடல்காரி, மான்கறி எறங்குமா, இல்ல உனக்குன்னு போயி மீன் புடிச்சாரணுமா?" என்றாள் வில்மா.

சிரித்து முடித்ததும் பெர்னடெட் விஷயத்துக்கு வந்தாள். உங்கள் ஊர்ப் பையன், அவனை வைத்துக்கொள் என்றுதான் நீங்கள் சொல்லப்போகிறீர்கள், ஒரு கட்டுரைகூட இல்லாதவனுக்காக நான் யாரிடம் போய் வாதாடுவது என்று கொட்டித் தீர்த்தாள். அதோடு விட்டாளா? நீயும் கிளிஃபர்டும் சேர்ந்து, காட்டுக்குத் தீ வைக்கிற பக்குவத்தைப் பற்றி எவ்வளவு அழகாக ஒரு கட்டுரை எழுதினீர்கள், அதை நான் வகுப்பில் பாடமாகவே வைத்திருக்கிறேன், அதில் கால்வாசியாவது அவனால் முடியாதா என்று கேட்டாள்.

வில்மா கரண்டியை நிறுத்தவே இல்லை. "நீ சொல்றது சரிதான். அவன் பேருல ஒண்ணும் இல்ல."

கிளிஃபர்டுக்குத்தான் பொறுக்கவில்லை. "அக்கா, நாம வாயால சொன்னதோட சரி. அதை எழுதினதே அவன்தானே."

வில்மா முறைத்த முறைப்பில் அவன் தலையைக் குனிந்துகொண்டு மாவைப் பிசைந்தான்.

பெர்னடெட் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். இனி மறைத்துப் பயனில்லை என்று வில்மாவே சொன்னாள். இந்த ஊரில் ஒருவன் முதன்முதலாக அடிக்கிற மானில் ஒரு துண்டைக்கூட அவன் வாயில் வைக்கக் கூடாது. முழுசும் ஊருக்கு. தன் முதல் கட்டுரையையும் டாரில் அப்படித்தான் கொடுத்துவிட்டானாம், தன் பேரைப் போடாமலே.

பெர்னடெட்டுக்கு மனசு நிறைந்துவிட்டது. இப்படிப்பட்டவனையா சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

"அப்போ கவலையே இல்ல வில்மா. எழுதினது அவன்தான்னு நீ ஒரு வார்த்தை சொல்லு, போதும். வேலை நிச்சயம்."

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"குடுத்தது குடுத்ததுதான். அதை அவன் கணக்குல ஏத்தினா, அப்புறம் எங்களுக்கு அவன் என்னத்தைக் குடுத்தான்? உங்க கடற்கரைப் பக்கம் விருந்து வச்சு, வந்தவங்களுக்கெல்லாம் கம்பளி குடுப்பீங்களே, அதைத் திருப்பிக் கேப்பீங்களா?"

கேட்கமாட்டார்கள்தான். அது பெர்னடெட்டுக்குத் தெரியாததா என்ன? ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. அவனுக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது, வேலை போனால் மறுபடியும் மரம் வெட்டுகிறவர்களிடம் கூலிக்குத்தான் போகவேண்டும் என்றாள்.

"அவன் குடுத்ததையும் வாங்கிக்கிட்டு, அவன் வேலை போறதையும் வேடிக்கை பாக்கப்போறே. உனக்கு நெஞ்சா அது, கல்லா?"

கிளிஃபர்ட் நிமிர்ந்து அக்காவைப் பார்த்தான். வில்மாவுக்குக் கோபமே வரவில்லை. ஒரு கிண்ணம் நிறையக் கறியை ஊற்றி பெர்னடெட்டின் முன்னால் வைத்துவிட்டு, ஈரக் கையைத் துடைத்தபடி எதிரில் உட்கார்ந்தாள்.

"முதல் மானை அடிச்சவன் எங்களுக்குக் குடுக்கணும். ரெண்டாவது மானை நாங்க அவன் இருக்கிற பக்கம் வெரட்டி விடணும். அதுவும் எங்க வழக்கம்தான். தீ வச்ச சரிவுல என்னென்ன துளிர்க்குது, எந்தக் கிழங்கு திரும்ப வருதுன்னு நானும் இவனும் முட்டி தேயத் தேய ஏறி, பாத்து அளந்து, ஒண்ணு விடாம அவன்கிட்ட குடுத்துட்டோம். அதை வச்சு அவன் எழுதினதைப் பத்திரிகையில ஏத்துக்கிட்டாங்கன்னு நேத்துதான் தகவல் வந்துச்சு. உன்கிட்ட தன் வாயால சொல்லணும்னு விடியக்காலமே உன்னைத் தேடி பல்கலைக்கழகத்துக்குக் கெளம்பிப் போயிருக்கான், நீ இங்க வந்து என்னைத் திட்டிக்கிட்டிருக்கே."

பெர்னடெட் கறியை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள். அவ்வளவு உழைத்திருக்கிறார்களே, அப்படியானால் கட்டுரையில் இவர்கள் பேரும்தானே வரும் என்று கேட்டாள்.

"அவன் போடத்தான் பாத்தான்," என்றாள் வில்மா. "எங்க பேரைப் போட்டியோ, ஊருக்குள்ள கால் வைக்காதேன்னு சொல்லிட்டேன்."