ஆறுதல் சொல்பவர்

செங்கம் சாலை மண்டபத்தில் சமூகப் பணியாளர்களுக்கு மன அழுத்தம் பற்றிய பயிற்சி நடந்தது. சென்னையிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர், மனப்பாரத்தை இறக்கிவைக்குமாறு பணித்தார்.

அவள் எழுந்தாள்.

"அடி அண்ணாமலை கிராமத்துல ஒரு பொண்ணு சார். 'இந்தக் கல்யாணத்த நிறுத்துங்கக்கா'ன்னு போன்ல அழுதா. நான் போறதுக்குள்ள உயிர விட்டுட்டா. அப்போலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"மனசுக்குள்ளயே வெச்சுக்காதீங்கம்மா! பணியாளர்களுக்கு ஆறுதல் சொல்ற பொறுப்ப உங்க ஆபீஸ்ல ஒருத்தங்களுக்குக் குடுத்திருக்காங்களே, வினோதினின்னு? யார் அழுதாலும் பொறுமையா கேப்பாங்களாம். அவங்ககிட்ட பேசுங்க."

"அவங்க அழுதா யாரு சார் கேப்பாங்க?"

"அது அவங்க கவலை. நீங்க உங்களப் பாருங்கம்மா."

மண்டபத்தில் அனைவரும் தலைகுனிந்தனர். அவளிடம் அழாதவர் அங்கே ஒருவருமில்லை.

"சரிங்க சார்" என்று அமர்ந்தாள் வினோதினி.